கூரோங் கரையும் ஙரின்ஜெரி மக்களும்: கேள்வி பதில்

தெற்கு ஆஸ்திரேலியாவில் மர்ரே ஆறு கடலைச் சேரும் இடத்திலிருந்து, மணல்மேடுகளுக்குப் பின்னால் சுமார் 140 கி.மீ. நீளும் உப்பங்கழிதான் கூரோங். அந்தக் கரையின் தொல்குடிகளான ஙரின்ஜெரி மக்களைப் பற்றி நீங்கள் கேட்டவை இவை.

கேள்வி: ஐயா, அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது?

பதில்: எழுதியபடியே. ஆங்கிலம் பேசுபவர்கள் திணறும் அந்த முதல் ஒலிக்கு நம்மிடம் எழுத்தே இருக்கிறது.

கேள்வி: ஆறு உருவானதற்கு ஒரு மீன் காரணமாமே?

பதில்: ஆமாம், பொண்டே என்ற பெரிய மர்ரே காட் மீன். மூதாதை ஙுருன்டெரி ஓடத்தில் துரத்தி வர, அது வாலை வீசிய வீச்சில் ஆறு வளைந்து வளைந்து அகன்றது. கடைசியில், ஆறு கடலைச் சேருமுன் விரியும் ஏரியில், ஙுருன்டெரியின் மைத்துனர் நெப்பெலே அதை ஈட்டியால் குத்திப் பிடித்தார். ஙுருன்டெரி அதைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் சொல்லித் தண்ணீரில் எறிய, இன்றுள்ள மீன்வகைகள் பிறந்தன. அவருடைய மனைவியர் இருவர், பெண்களுக்கு விலக்கப்பட்ட துகெரி மீனைச் சுட்டார்கள். வாசனை காட்டிக்கொடுத்தது. தப்பி ஓடியவர்களைக் கடல் பொங்கி மூழ்கடித்தது; பேஜஸ் தீவுகளாக இன்றும் நிற்கிறார்கள். வெறும் கதை என்று தள்ளிவிடாதீர்கள். யார் எதை உண்ணலாம் என்ற சட்டமும் கரையின் வரைபடமும் இதற்குள்தான் இருக்கின்றன.

கேள்வி: கடற்கரையில் என்ன கிடைத்தது அவர்களுக்கு?

பதில்: முக்கியமாக ‘குட்டி’ என்ற மட்டி. அலை வடியும்போது ஈரமணலில் நின்று குதிகாலைத் திருகினால், காலடியில் வழுவழுவென்று தட்டுப்படும். தலைமுறை தலைமுறையாகத் தின்று போட்ட ஓடுகள் மணல்மேடுகளில் வெள்ளை வெள்ளையாக அடுக்காகக் கிடக்கின்றன.

கேள்வி (ஒரு மாணவி): கூடை எதில் பின்னுகிறார்கள்?

பதில்: நம் பாய்க்கோரையின் உறவான ஒரு கோரையில், அம்மா. ஒரு பிடி கோரையை நடுவில் சுருட்டி, ஒற்றை இழையால் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே வட்டத்தைப் பெரிதாக்குவார்கள்.

கேள்வி: இப்போது கழி எப்படி இருக்கிறது?

பதில்: நலமாக இல்லை. கடல்நீர் ஏரிகளுக்குள் ஏறாதிருக்க 1940-க்குள் 5 தடுப்பணைகள் கட்டினார்கள். ஆற்றின் மேல்பகுதியில் பாசனத்துக்கும் தண்ணீர் போகவே, தெற்குக் கழி கடலைவிட உப்பாகிவிட்டது. 2002-இல் முகத்துவாரத்தைத் திறந்து வைக்க மணல் வார வேண்டியதாயிற்று. அவர்கள் மொழியில் ‘ருவே’ என்றால் நிலம், ‘ருவார்’ என்றால் உடல்; இரண்டையும் பிரித்துப் பேச மாட்டார்கள். ஆறு கடலை எட்டாவிட்டால் தங்கள் உடம்புக்கே நோய் என்று அவர்கள் சொல்வதை நான் அப்படியே நம்புகிறேன். 2017-இல்தான் நீதிமன்றம் அவர்களின் பூர்வீக உரிமையை ஏற்றது.

கேள்வி: நாங்கள் போனால் ஓடு எடுத்து வரலாமா?

பதில்: அந்த ஓட்டுமேடுகளில் கை வைக்காதீர்கள், மிதிக்கவும் வேண்டாம். 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவை பாதுகாக்கப்பட்டவை.