முதலில் ஒரு மழைக் கால்சட்டை

வணக்கம். நாங்கள் கோத்தகிரி. அம்மா இருபது வருடமாகத் தைக்கிறார். தங்கை கோவையில் ஒரு கார்மென்ட்ஸில் பேட்டர்ன் வேலை பார்த்தவள், இப்போது வீட்டோடு இருக்கிறாள். கணக்கு வழக்கு நான். எமரால்டு, அவலாஞ்சிப் பக்கம் தூண்டில் போட வரும் பெண்கள் ஆண்களின் உடுப்பையே மடித்துச் சுருட்டிக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்காக வெஸ்ட், மழைக் கால்சட்டை, வேடர் (தண்ணீரில் இறங்கி நிற்கப் போடும், பாதத்தோடு சேர்ந்த நீர்புகாக் கால்சட்டை), கையுறை என்று நான்கு பொருளை ஆறு அளவில், மூன்று நிறத்தில் கொண்டுவர நினைக்கிறோம். கையில் ஆறரை லட்சம் இருக்கிறது. கடன் வாங்கலாமா? ஊட்டியில் கடை எடுக்கலாமா? எதில் தொடங்குவது?

வாசகி, கோத்தகிரி

அன்புள்ள சகோதரிக்கு,

கணக்கு பார்ப்பவர் நீங்கள் என்பதால் கணக்கிலிருந்தே வருகிறேன். நான்கு பொருள், ஆறு அளவு, மூன்று நிறம் என்றால் 72 வகை. வகைக்குப் பத்து தைத்தால் 720 உருப்படி. சராசரி அடக்கம் 900 ரூபாய் என்று வைத்தால் 6,48,000. முதல் முழுவதும் அலமாரிக்குள் போய்விட்டது. கறுப்பில் எம் அளவு முதல் மாதமே தீர்ந்துவிடும், மறுபடி தைக்கத் துணி வாங்கக் காசு இருக்காது, சிவப்பில் எக்ஸ்எஸ் ஒன்பது உருப்படி மடிப்புக் கலையாமல் கிடக்கும். உடுப்பு வியாபாரத்தில் முதல் முடங்குவது அளவிலும் நிறத்திலும்தான்.

ஆகவே ஒரு பொருள், ஒரு நிறம், ஐந்து அளவு, அறுபது உருப்படி போதும். எக்ஸ்எஸ் 6, எஸ் 14, எம் 18, எல் 14, எக்ஸ்எல் 8. இதில் ஆறை அளவு மாற்றிக் கொடுப்பதற்கென்று விற்காமல் வையுங்கள். அந்த ஒரு பொருள் மழைக் கால்சட்டையாக இருக்கட்டும்.

வேடர் வேண்டாம். 1907இல் அவலாஞ்சியில் டிரவுட் மீன் குஞ்சு பொரிப்பகம் வந்த காலத்து ஓடை மீன்பிடிப்புக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்று உங்கள் வாடிக்கையாளர் நிற்பது பெரும்பாலும் நீர்த்தேக்கத்தின் கரையில். எமரால்டும் அவலாஞ்சியும் குந்தா மின் திட்டத்து அணைகள். மின் உற்பத்திக்கேற்ப நீர்மட்டம் ஏறி இறங்கும், வெளியே தெரியும் சேறு காலை வாங்கும், அதைத் தாண்டினால் சட்டென்று ஆழம். அங்கே பெண்களை இடுப்பளவு இறங்கத் தூண்டும் பொருளை நீங்கள் விற்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். தொழில் காரணமும் உண்டு. வேடருக்கு உடல் அளவோடு பாத அளவும் சேர்வதால் வகை பல மடங்காகும், நியோபிரீன் என்ற தடித்த ரப்பர் துணியை ஒட்டித் தைக்க வேறு இயந்திரம் வேண்டும். கொடைக்கானல் ஏரியில் கெண்டைக்குத் தக்கை போட்டு உட்காருபவருக்கும் வேடரால் பயனில்லை. அவருக்கு வேண்டியது ஈரப் புல்லில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் நனையாத இருக்கை, அதாவது கால்சட்டையில் உட்காரும் பகுதி.

அந்த இருக்கையில்தான் உங்கள் தங்கையின் கைத்திறன் தெரிய வேண்டும். கடையில் கிடைக்கும் மழைக் கால்சட்டையில் நான்கு தையலும் கவட்டையில் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. தையல் ஓட்டையில் நீர் புகாமல் உட்புறம் ஒட்டும் டேப் நான்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அந்தப் புள்ளி தடித்து, ஓரம் தூக்கி, முதலில் ஒழுகும். சாய்சதுரத் துண்டு ஒன்றைக் கவட்டையில் வைத்துத் தைத்தால் தையல்கள் பிரிந்து நான்கு மூலைக்குப் போய்விடும். குத்துக்காலிட்டு உட்காரும்போது இழுக்கவும் செய்யாது.

அடுத்தது, வெளியிடத்தில் பெண்கள் ஒதுங்கும் வசதி. கவட்டை வழியாக முன்னிருந்து பின்வரை ஜிப் வைப்பது ஒரு முறை. ஈரத்தில் உட்காரும்போது அந்த ஜிப்பின் மேலேயே உட்கார வேண்டும் என்பதால் நான் அதைச் சொல்ல மாட்டேன். இரண்டு பக்கத் தையலிலும் இடுப்பிலிருந்து 35 செ.மீ. ஜிப் வைத்துப் பின்பாகத்தை மட்டும் கீழே இறக்கும்படி செய்யுங்கள். முன்பாகத்தில் தைத்த 25 மி.மீ. நாடா ஒன்று இடுப்பைச் சுற்றிப் பின்பாகத்துக்கு உட்புறமாகப் போய்ப் பூட்ட வேண்டும். பின்பக்கம் இறங்கினாலும் முன்பக்கம் இடுப்பிலேயே நிற்கும், சட்டையைக் கழற்ற வேண்டியதில்லை. தோளில் மாட்டும் பட்டையைப் பின்பாகத்தில் தைத்தால் இவ்வளவும் வீண். ஜிப் சுருள் வகை, எண் 5. இழுப்பில் கயிறு கட்டுங்கள், விறைத்த விரலுக்குச் சின்ன இழுப்பு அகப்படாது.

அளவெடுப்பது முப்பது பெண்களிடமாவது நடக்கட்டும். இடுப்பு, பிருஷ்டம், தொடை, உள்கால், இவற்றோடு முன் இடுப்பிலிருந்து கவட்டை வழியாகப் பின் இடுப்பு வரை ஒரு அளவு. ஆண் அளவைச் சுருக்கி வெட்டும்போது தப்புவது இந்தக் கடைசி அளவில்தான். உள்ளே கம்பளிக் கால்சட்டை போடுவார்கள், பிருஷ்டத்தில் 12 முதல் 15 செ.மீ. தளர்வு விடுங்கள். அளவு அட்டையில் எழுத்தோடு பிருஷ்டச் சுற்றளவையும் செ.மீ.யில் போட்டால் திரும்பி வருவது குறையும்.

துணி 10,000 மி.மீ. நீரழுத்தம், அதாவது அத்தனை உயரத் தண்ணீரின் அழுத்தம், தாங்குவதாக இருக்கட்டும். 3,000 தாங்குவது தூறலுக்குச் சரி, மண்டியிட்டால் முழங்காலில் ஊறிவிடும். விற்பவர் சொல்லும் எண்ணை நம்பாமல் ஒரு மீட்டரைக் கோவையில் உள்ள சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தில் சோதனைக்குக் கொடுங்கள். நீர் புகாமலிருக்கத் துணியில் பூசிய பூச்சு எந்த வகை பாலியூரித்தேன் என்றும் கேளுங்கள். பாலியெஸ்டர் வகை மலைக் காற்றின் ஈரத்திலேயே சிதையும், நாளடைவில் பிசுபிசுத்து உரியும். பாலியீதர் வகை தாங்கும். மலிவாக வரும் பழைய ரோலை நகத்தால் கீறிப் பார்த்து, ஒட்டினால் விட்டுவிடுங்கள்.

வெட்டும்போது குண்டூசி குத்தக் கூடாது, பூச்சில் விழுந்த ஓட்டை மூடாது. கிளிப் போடுங்கள். ஊசி எண் 11, நூல் பாலியெஸ்டர். பருத்தி நூல் நீரை உறிஞ்சி உள்ளே கடத்தும். டேப் ஒட்டும் சூட்டுக்காற்று இயந்திரத்தை இப்போது வாங்க வேண்டாம், மழைக்கோட்டு தைக்கும் யூனிட்டில் ஜாப் ஒர்க் கொடுங்கள். ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டு ஒட்டிப் பார்த்த பிறகே முழுதும் ஓட்டச் சொல்லுங்கள். சூடு மிஞ்சினால் பூச்சு கொப்பளிக்கும், குறைந்தால் டேப் சில துவைப்பில் கழன்று வரும்.

வீட்டுச் சோதனைக்குக் கால்சட்டையை உள்வெளியாகத் திருப்பி, கணுக்காலில் இறுகக் கட்டித் தொங்கவிட்டு, 60 செ.மீ. தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். துளி வரும் இடத்தில் சாக்பீஸ் குறி. இது 600 மி.மீ. அழுத்தம்தான், கவட்டைக்கு அதுகூட வராது. அதனால் வெளிர்நிறப் பருத்திப் பேன்ட்டின் மேல் இதை மாட்டி, நனைத்த பஞ்சு மெத்தையில் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கறை எங்கே என்று பேன்ட் சொல்லும்.

மிஞ்சிய நேரத்தில் அம்மா அட்டைக் காலுறை, அதாவது ரத்தம் உறிஞ்சும் அட்டை கடிக்காமல் போடும் காலுறை, தைக்கலாம். சோலைக்காட்டு ஓரம் நடக்கிறவர்களுக்கு மழைக்காலத்தில் தவறாமல் வேண்டும். பின்னல் துணியின் கண் வழியாக அட்டை நுழையும், நெருக்கமாக நெய்த பருத்தி டிரில் துணி எடுங்கள். முழங்கால் வரை உயரம், மேலே நாடா. மூன்று அளவு போதும், முதலும் சிறிது. வெஸ்ட் அடுத்த வருடம். ஆண்கள் வெஸ்ட்டில் பை மார்பின் மேலேயே புடைத்து நின்று தங்கூஸ் இழுக்கும் கையை மறிக்கிறது. விலா எலும்புக்குக் கீழே இறக்குங்கள்.

கடன் விஷயத்தில் வரிசை முக்கியம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்களுக்கு ஊரகத்தில் 35, நகரத்தில் 25 சதவீத மானியம், சொந்தப் பணம் 5 சதவீதம். ஆனால் அது புதுத் தொழிலுக்கு மட்டும். உற்பத்தியைத் தொடங்கிவிட்டு விண்ணப்பித்தால் தள்ளுபடியாகும். முதலில் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்த் திட்டம் நடப்பில் இருப்பதை உறுதி செய்யுங்கள். மானியம் மூன்று ஆண்டு வங்கியில் வைப்பாக இருக்கும், அதைக் கைமுதலாக நினைத்துத் துணி வாங்காதீர்கள். கேரளாவுக்கோ கர்நாடகாவுக்கோ ஒரு உருப்படி விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான உடுப்புக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. விலையை அந்தக் கோட்டுக்குள் நிறுத்துங்கள். அம்மாவுக்கும் தங்கைக்கும் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி எழுதி மாதாமாதம் கொடுத்துவிடுங்கள். வீட்டு ஆள்தானே என்று கூலியை விட்டால் அடக்க விலை பொய்யாகிவிடும்.

ஊட்டியில் கடை இப்போது வேண்டாம். சீசன் இரண்டு மாதம், வாடகை பன்னிரண்டு மாதம். ஜனவரியில் ஐந்து மாதிரி தைத்து, ஜூன் வரை வெவ்வேறு உடல்வாகுள்ள பத்துப் பேரிடம் மாற்றி மாற்றிக் கொடுங்கள். உரிமமும் அனுமதியும் உள்ள இடத்தில் மட்டும் அணியச் சொல்லுங்கள். மீன்வளத் துறை உரிமம் வேறு, வனத்துறை அனுமதி வேறு. ஜூனில் மேற்குச் சரிவில் மழை இறங்கும்போது குறை தெரியும், அறுபதையும் அதன் பிறகு வெட்டுங்கள்.