ஒன்பது பேருக்கு எதிரே நால்வர்

கேள்வி: என் மகள் பள்ளி சாஃப்ட்பால் அணியில் பந்து வீசுகிறாள். ‘அண்டர்ஆர்ம்தானே, அதில் என்ன பெரிய திறமை?’ என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். அமெரிக்காவிலிருக்கும் என் மைத்துனர், மூன்றே பேரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று ஒன்பது பேர் அணிகளைத் தோற்கடித்த எடி ஃபெய்னர் என்ற பிட்சரை, அதாவது பந்து வீசுபவரைப் பற்றிச் சொன்னார். இது நம்பக்கூடியதா? சர்க்கஸ் போன்ற இந்த வித்தையை விளையாட்டு வரலாற்றில் சேர்க்க முடியுமா?
— வாசகர், ஈரோடு

பதில்: நம்பலாம். அவர் ஆடி நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் அதைச் சொல்வதற்கு முன், உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அலட்சியமாக உதிர்த்துவிட்டுப் போகும் அந்த ‘அண்டர்ஆர்மை’ப் பற்றிப் பேசியாக வேண்டும்.

கிரிக்கெட்டோடு வளர்ந்த நமக்கு அதைக் கேட்டதும் 1981 பிப்ரவரி 1 அன்று மெல்போர்னில் ட்ரெவர் சாப்பல் தரையோடு உருட்டிவிட்ட கடைசிப் பந்துதான் நினைவுக்கு வருகிறது. ஆட்டத்தைச் சமன் செய்ய நியூசிலாந்துக்கு ஆறு ஓட்டம் தேவைப்பட்ட நிலையில், அணித்தலைவரான அண்ணன் கிரெக் சாப்பல் சொல்ல, தம்பி உருட்டினார். அன்றிலிருந்து கையைத் தாழ்த்தி வீசுவது என்றாலே கோழைத்தனம் என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. கிரிக்கெட்டே அப்படி வீசித்தான் பிறந்தது என்பதையும், கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய் வீசுவதை விதிகள் 1864இல்தான் முழுமையாக அனுமதித்தன என்பதையும் நம் விளையாட்டுப் பக்கங்கள் யாருக்கும் நினைவூட்டுவதில்லை. இதை இந்தப் பகுதியில் நான் முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்.

பேஸ்பாலைப் போன்றே, ஆனால் சிறிய களத்தில் ஆடப்படும் சாஃப்ட்பாலின் வேக ஆட்டத்தில் பிட்சர் தன் கையைக் காற்றாலைபோல ஒரு முழு வட்டம் சுழற்றி, இடுப்பருகே வரும்போது மணிக்கட்டைச் சொடுக்கிப் பந்தை விடுவிக்கிறார். ஆண்கள் ஆட்டத்தில் அவருக்கும் மட்டையாளருக்கும் இடையே உள்ள தூரம் 46 அடி. பேஸ்பாலில் அது 60 அடி 6 அங்குலம். பிட்சர் முன்னால் எடுத்து வைக்கும் நீண்ட எட்டையும் கழித்துவிட்டால், பந்து பறக்க வேண்டிய தூரம் ஏறத்தாழ 40 அடிதான். மணிக்கு 80 மைல் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தை ஏறத்தாழ ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்கில் கடந்துவிடும். அதே அளவு நேரத்தை மட்டையாளருக்குக் கொடுக்கும் பேஸ்பால் பந்து 105 மைலையும் தாண்டிய வேகத்தில் வர வேண்டும். அளந்து பதிவான பேஸ்பால் வீச்சு எதுவும் இதுவரை 106 மைலைக்கூடத் தொட்டதில்லை. இது போதாதென்று, பேஸ்பால் உயரத்திலிருந்து இறங்கி வருகிறது, இதுவோ தாழ்வாகப் புறப்பட்டுப் பின்சுழற்சியோடு நெஞ்சுக்கு ஏறுகிறது. இறங்கும் பந்தை அடித்தே பழகிய கண்ணும் கையும் இதன் எதிரே தடுமாறிப் போகின்றன.

இனி ஃபெய்னர். 1925இல் வாஷிங்டன் மாநிலத்து வாலா வாலாவில் பிறந்தவர். மர்ல் கிங் என்ற பெயரில் வளர்ந்து, படைவீரராக இரண்டாம் உலகப் போரில் பணியாற்றித் திரும்பியவர். 1946இல் ஓரிகன் மாநிலத்து பெண்டில்டனில் ஓர் அணியைத் தவிடுபொடியாக்கிய பிறகு, தோற்றவர்கள் சீண்டவே, மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர் ஒருவர் மட்டும் இருந்தாலே உங்களை வெல்வேன் என்று சவால் விட்டார். ஆனால் பந்தடிக்கும் முறை வரும்போது நால்வராவது இருந்தாக வேண்டும். ஏனெனில் பந்தடித்தவர் ஓடிப்போய் நிற்கும் இடங்களான மூன்று பேஸ்களிலும் ஆள் நின்றுவிட்டால் மட்டை பிடிக்க நான்காவது ஆள் வேண்டும். இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் பிட்சர், கேட்சர், முதல் பேஸ்காரர், இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் என்ற நால்வர் அணி. அந்தச் சவால் ஆட்டத்தை அவர்கள் 7-0 என்று வென்றார்கள். ‘தி கிங் அண்ட் ஹிஸ் கோர்ட்’ (அரசனும் அவன் அவையும்) என்ற பெயரோடு அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நாடு முழுவதும் சுற்றினார்கள்.

அவர் சர்க்கஸ்காரரா என்ற உங்கள் கேள்விக்கு விடை அந்த நால்வர் கணக்கிலேயே இருக்கிறது. களத்தின் பின்பகுதியைக் காக்க ஒருவர்கூடக் கிடையாது. எதிரணியில் ஒருவர் பந்தைச் சற்று அழுத்தித் தட்டிவிட்டால், அதை எடுத்து வர ஓடுவதற்கு ஆளில்லை. அதற்குள் அவர் எல்லா பேஸ்களையும் சுற்றி வந்துவிடலாம். ஆகவே அநேகமாக ஒவ்வொரு மட்டையாளரையும் பந்தைத் தொடவே விடாமல் வெளியேற்றியாக வேண்டும். ஹார்லெம் குளோப்ட்ராட்டர்ஸ் கூடைப்பந்துக் குழு தன்னோடு தோற்பதற்கென்றே ஓர் அணியைக் கூட அழைத்துச் சென்றது. ஃபெய்னர் எதிர்கொண்டதோ அந்தந்த ஊரின் அணியை. அவருடைய பந்தை அடித்துவிட்டால் ஆயுள் முழுவதும் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருந்த இளைஞர்கள் அவர்கள். விட்டுக்கொடுக்க அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.

1980களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் நான் படித்துக்கொண்டிருந்த சிற்றூரில் அப்படியொரு மாலை ஆட்டத்தைப் பார்த்தேன். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்தது. ஒட்ட வெட்டிய தட்டையான தலைமுடி, தடித்த உடல், சிவப்பு வெள்ளை நீலத்தில் சீருடை. நான் முதல் பேஸ் பக்கம் வேலியை ஒட்டி நின்றதால், அவருடைய வலத் தொடையருகே கால்சட்டைத் துணி நைந்து வெளுத்திருந்ததைப் பார்க்க முடிந்தது. ஒவ்வொரு சுழற்சியிலும் முன்கை உரசிச் செல்கிற இடம் அது. மட்டையாளர் தோளை அசைக்கும்போது கேட்சரின் கையுறையில் பந்து அறைந்த சத்தம் கேட்டுவிடும். மட்டை அதற்குப் பிறகுதான் சுழன்று முடியும். பிறகு இரண்டாம் பேஸுக்கே போய், ஏறத்தாழ 85 அடி தொலைவில் முழங்காலிட்டு வீசினார். கால்களுக்கிடையே வீசினார், முதுகுக்குப் பின்னாலிருந்து வீசினார், கண்ணைக் கட்டிக்கொண்டும் வீசினார். கூட்டம் சிரித்தது உண்மை. ஆனால் மட்டையோடு நின்றவர் சிரிக்கவில்லை. அவர் எப்படியாவது பந்தைத் தொட்டுவிடவே முயன்றுகொண்டிருந்தார்.

அவருடைய பந்து 104 மைல் வேகத்தில் வந்ததாக அவரைப் பற்றிய செய்திகள் சொல்லும். அந்த எண்ணை நான் நம்பவில்லை. அவருடைய பெருமைக்கு அது தேவையுமில்லை. 9,743 வெற்றிகள், 141,517 ஸ்ட்ரைக் அவுட்டுகள் (மட்டையாளர் பந்தை அடிக்க முடியாமலே வெளியேறுவது) என்பவை அவருடைய குழுவே வைத்திருந்த கணக்குகள். எந்தச் சங்கமும் முத்திரை குத்தாத கணக்கை எப்படி ஏற்பது என்று கேட்கும் விளையாட்டு எழுத்தாளர்களோடு எனக்குப் பல ஆண்டுகளாக வழக்கு உண்டு. சங்கங்களின் ஏடு யாருக்காகத் திறந்தது, யாருக்கு முன் மூடிக்கொண்டது என்று அவர்கள் கேட்பதே இல்லை. நிறவெறியால் அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலையான பெரிய லீக்குகளில் இடம் மறுக்கப்பட்டு, ஊர் ஊராக ஆடியே புகழ்பெற்ற சாட்செல் பெய்ஜ் என்ற கறுப்பினப் பிட்சர், 1948இல் தம் 42ஆம் வயதில்தான் அங்கே நுழைய முடிந்தது. கறுப்பினத்தவரின் லீக் புள்ளிவிவரங்கள் பேஸ்பாலின் அதிகாரப்பூர்வ ஏட்டில் சேர்ந்தது 2024இல். ஃபெய்னரை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை, அவராகவே சுற்றுப்பயணத்தைத் தேர்ந்துகொண்டார். ஆகவே இருவரையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஏட்டில் இல்லை என்பதால் நடக்கவே இல்லை என்று வாதிடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

சான்று கேட்பவர்களுக்கு 1967ஆம் ஆண்டு இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸின் டாட்ஜர் மைதானத்தில் நடந்த காட்சி ஆட்டமொன்றில் வில்லி மேஸ், வில்லி மெக்கோவி, மாரி வில்ஸ், ஹார்மன் கில்லெப்ரூ, ராபர்டோ கிளெமென்டே, ப்ரூக்ஸ் ராபின்சன் ஆகிய பேஸ்பால் நட்சத்திரங்கள் அறுவரையும் அடுத்தடுத்து அவர் ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். அவர்களில் ஐவர் பிற்பாடு பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். அவர்களுக்கு இந்த வகைப் பந்து பழக்கமில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு மாதம் பழகியிருந்தால் சிலராவது அடித்திருப்பார்கள். ஆனாலும் உலகின் மிகக் கூர்மையான கண்கள் எனப்பட்ட ஆறு ஜோடிக் கண்கள் ஒரு ‘அண்டர்ஆர்ம்’ பந்தைத் தேடித் தோற்றன என்பது மாறாது.

உங்கள் மகளுக்கு ஃபெய்னரைவிட ஜோன் ஜாய்ஸைப் பற்றிச் சொல்லுங்கள். கனெக்டிகட் மாநிலத்து வாட்டர்பெரியில் 1940இல் பிறந்த அந்தப் பெண், தம் ஊர் மைதானத்தில் டெட் வில்லியம்ஸைத் திணறடித்தபோது இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். 1941இல் 0.406 சராசரி எடுத்த, அதாவது பத்து வாய்ப்புகளில் நான்குக்கும் மேல் வெற்றிகரமாக அடித்த பேஸ்பால் மட்டையாளர் வில்லியம்ஸ். அதன் பிறகு அமெரிக்கன், நேஷனல் என்ற இரு பெரிய லீக்குகளிலும் ஒரு பருவத்தில் 0.400ஐ எட்டியவர் எவருமில்லை. ஜாய்ஸ் வீசிய பந்துகளில் ஓரிரண்டை உரசியதற்கு மேல் அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. ஆண்டுகள் கழித்து ஜெனி ஃபின்ச் என்ற பெண், 2004இல் பேஸ்பால் நட்சத்திரம் ஆல்பர்ட் புஹோல்ஸை அதே முறையில் வெளியேற்றினார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது உங்கள் மகளின் தோளைப் பற்றியது. அண்டர்ஆர்ம் வீச்சு இயல்பானது, கைக்குத் தீங்கு செய்யாது, தினமும் எவ்வளவு வேண்டுமானாலும் வீசலாம் என்று பயிற்சியாளர்கள் பலர் நெடுங்காலம் நம்பிவந்தார்கள். ஃபெய்னர் ஆண்டுக்கணக்கில் ஓயாமல் வீசியதையும் அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அது தவறு. காற்றாலைச் சுழற்சியில் தோள்பட்டையும் புஜத்தின் முன்தசைநாரும் தாங்கும் விசை, மேல்வீச்சுப் பிட்சர்கள் தாங்குவதற்கு இணையானது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பள்ளி அணிகளில் வழக்கமாக நல்ல பிட்சர் ஒருத்திதான் இருப்பாள், போட்டி நாட்களில் எல்லா ஆட்டங்களையும் அவளே வீச நேரும். ஓர் ஆட்டத்தில் எத்தனை பந்து வீசுகிறாள் என்று எண்ணி எழுதி வையுங்கள். தொடர்ந்து மூன்றாம் நாளும் அவளை வீசச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தோளின் முன்பக்கம் வலிக்கிறது என்று அவள் சொன்னால், தைலம் தேய்த்து அனுப்பிவிடாமல் எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.