வரைபடம் இருக்கட்டும், அந்தக் காய்ச்சல் எப்போது வந்தது?

கேள்வி: மலேசியாவில் கோவிட்டுக்குப் பிறகு புதிய எச்.ஐ.வி. தொற்று ஏறுவதாக இணையத்தில் வரைபடம் பார்த்தேன். ஐந்து வாரத்துக்கு முன் வெளித் தொடர்பில் ஆணுறை கிழிந்துவிட்டது. பத்தாம் நாள் சுயபரிசோதனையில் நெகட்டிவ். மூன்றாம் வாரம் காய்ச்சல். டெங்கு இல்லை என்றார்கள். வீட்டிலிருந்த அமோக்சிசிலின் சாப்பிட்டேன், பிறகு உடம்பெல்லாம் தடிப்பு. இப்போது மாமாக் கடைக் குவளை, கொசுக்கடி எல்லாமே பயமாக இருக்கிறது. – செந்தூல் வாசகர்

பதில்: குவளையாலும் கொசுவாலும் எச்.ஐ.வி. பரவாது. அவற்றை விடுங்கள். உங்களை உறுத்துவது அந்தக் காய்ச்சல். என்னையும் அதுதான் உறுத்துகிறது.

தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரத்தில் பலருக்குக் காய்ச்சல், தொண்டைவலி, தடிப்பு, கழுத்தில் நெறிகட்டு வரும். நம் ஊரில் டெங்கு இல்லையென்றதும் 'ஏதோ வைரஸ்' என்று விட்டுவிடுகிறார்கள். அது தானாகவே தணியும். தணிந்ததால் ஆபத்து போய்விட்டதாக எண்ண வேண்டாம். சாதாரணக் காய்ச்சலாகவும் இருக்கலாம், சோதிக்காமல் சொல்ல முடியாது. இதில் அமோக்சிசிலின் எதற்கு? அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது. தடிப்பை வேண்டுமானால் கிளப்பும். மருந்தால் வந்ததா நோயால் வந்ததா என்று இப்போது பிரித்துச் சொல்ல வழியில்லை.

வரைபடத்தில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் அந்தந்த ஆண்டு கண்டுபிடித்துப் பதிவான எண்ணிக்கை. 2002இல் அது 6,978. பெரும்பாலோர் போதை ஊசி போட்டவர்கள். 2005இல் போதை ஊசிக்கு மாற்றாகக் கொடுக்கும் மெத்தடோன் மருந்தும், 2006இல் பழைய ஊசிக்குப் புது ஊசி தரும் திட்டமும் வந்தன. இப்போது ஆண்டுக்குச் சுமார் 3,000, பெரும்பாலும் உடலுறவு வழியாக. இந்த ஆண்டு பதிவானவருக்கு இந்த ஆண்டுதான் தொற்றியது என்றில்லை. எச்.ஐ.வி. அழிக்கும் நோயெதிர்ப்பு அணுக்களான சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கிய பிறகு வருபவர், பெரும்பாலும் பல ஆண்டுகள் தெரியாமலேயே இருந்தவர். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் சோதனைக்கு வந்தோர் குறைந்தார்கள், கோடு இறங்கியது. திரும்பி வந்தார்கள், ஏறியது. உண்மையான புதுத் தொற்றை, தொற்றில்லாத 1,000 பேரில் ஓராண்டில் எத்தனை பேருக்கு என்று கணித்துத்தான் மதிப்பிடுகிறார்கள். இரண்டையும் குழப்பிப் பயமுறுத்துவது இணையத்துக்குப் பிழைப்பு.

பத்தாம் நாள் நெகட்டிவ் கணக்கில் வராது. சுயபரிசோதனைக் கருவி, வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை மட்டும் தேடும். அதை நம்ப 90 நாள் ஆக வேண்டும். நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனை வைரஸின் புரதமான பி24 ஆன்டிஜெனையும் பார்ப்பதால் 45 நாள் போதும். நீங்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். நாளையே கிளினிக்குக்குப் போய், ஆணுறை கிழிந்த தேதி, காய்ச்சல் வந்த தேதி இரண்டையும் சொல்லுங்கள். வைரஸ் அளவுச் சோதனையும் கேளுங்கள். நெகட்டிவ் வந்தாலும் 45ஆம் நாள் மறுபடி.

ஆணுறை கிழிந்தது போன்ற சம்பவத்துக்குப் பின் சாப்பிடும் தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட்டிருக்க வேண்டும். அந்தக் காலம் தாண்டிவிட்டது; இணையத்தில் வாங்கி விழுங்காதீர்கள். முடிவு தெரியும்வரை மனைவியுடனும் ஆணுறை கட்டாயம். 'சும்மா டெஸ்ட் ஆகட்டுமே' என்று ரத்த தானம் கொடுக்கப் போகாதீர்கள்: புதுத் தொற்று அந்தச் சோதனையிலும் தப்பி, வேறொருவர் உடம்பில் ஏறக்கூடும்.