நான்கு தாள் போதும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் சிறிய மளிகைக் கடை நடத்துகிறேன். என் மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியலோடு முதல் குரூப் எடுத்து, தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். கணக்கு என்றால் அவளுக்கு உயிர். அவளுடைய கணித ஆசிரியை, மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வை எழுதி டெல்லியிலோ திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலோ சேர முயலலாம் என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு ஒரு பயிற்சி மையத்துக்குப் போனோம். ஐந்து தாள் எழுத அனுமதி இருப்பதால் ஐந்தையும் எடுக்க வேண்டும் என்றும், வரலாறும் பொதுத் திறன் தேர்வும் சேர்த்துக்கொண்டால் மதிப்பெண் எளிதாக ஏறும் என்றும் அங்கே சொன்னார்கள். கட்டணம் 35,000 ரூபாய். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகப்போகும் முதல் பிள்ளை இவள். எந்தப் பாடங்களை எடுப்பது, தமிழிலா ஆங்கிலத்திலா எழுதுவது, எப்படிப் படிப்பது என்று கேட்டுச் சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை.

வி.

அன்புள்ள வி. அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. பாடத்திட்டங்களை மீண்டும் ஒருமுறை பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எழுதுவது முறை என்று நினைத்ததால் தாமதமாகிவிட்டது.

முதலில் வரலாற்றை விட்டுவிடுங்கள். 2025ஆம் ஆண்டிலிருந்து, பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடம் படித்திருந்தாலும் கியூட்டில் விரும்பிய பாடத்தை எழுதலாம் என்று விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். பயிற்சி மையத்தார் அதை நம்பித்தான் உங்களிடம் பேசியிருப்பார்கள். ஆனால் தேர்வை நடத்துவது தேசியத் தேர்வு முகமை. இடம் கொடுப்பது பல்கலைக்கழகம். டெல்லிப் பல்கலைக்கழகம், மாணவர் பன்னிரண்டாம் வகுப்பில் படித்துத் தேறிய பாடங்களில் எழுதிய தாள்களை மட்டுமே சேர்க்கைக்குக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. முதல் குரூப் படிக்கும் உங்கள் மகள் வரலாற்றில் இருநூற்று ஐம்பதுக்கு இருநூற்று நாற்பது வாங்கினாலும் அங்கே அது செல்லாது. விண்ணப்பப் படிவம் அனுமதிக்கிறது என்பதற்காகக் கல்லூரியும் அனுமதிக்கும் என்று எண்ணுவதுதான் இந்தத் தேர்வில் பிள்ளைகள் விழும் முதல் பள்ளம்.

எளிது என்று சொன்னதும் சரியில்லை. நம் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் விடுதலைப் போராட்டத்தையும் நவீன உலக வரலாற்றையும் சொல்கிறது. கியூட் வரலாற்றுத் தாளோ என்.சி.இ.ஆர்.டி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் பாடப்புத்தகத்தை ஒட்டி ஹரப்பாவில் தொடங்கி, சாஞ்சி, இபன் பதூதா, விஜயநகரம், முகலாயர் காலத்து வேளாண்மை என்று வேறொரு பாதையில் போகிறது. நம் பள்ளியில் வரலாறு எடுத்தவர்களுக்கே பாதிக்கு மேல் புதிதாக இருக்கும்போது, கணக்குப் படிக்கும் பெண்ணை அதில் இறக்கிவிடுவது நியாயமில்லை.

ஆகவே பாடத்தை விண்ணப்பத்திலிருந்து தேர்ந்தெடுக்காமல், சேர விரும்பும் படிப்பிலிருந்து பின்னோக்கி வாருங்கள். டெல்லியில் கணித ஹானர்ஸுக்கு, அதாவது கணிதத்தை முதன்மைப் பாடமாகக் கொண்ட பட்டப்படிப்புக்கு, ஒரு மொழித்தாள், கணிதம், வேறு இரண்டு பாடங்கள் என்று நான்கையும் கூட்டித் தரவரிசை போடுகிறார்கள். பொருளாதார ஹானர்ஸுக்கும் கணிதம் கட்டாயம். இயற்பியல் ஹானர்ஸுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்றின் மதிப்பெண்தான் தரவரிசைக்குப் போகும். மொழித்தாளில் 30 விழுக்காடு எடுத்தால் போதும், ஆனால் எழுதியே ஆக வேண்டும். இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு மொழி, கணிதம், இயற்பியல், வேதியியல் என்ற நான்கு தாள்களுக்குள் இந்த மூன்று வாசல்களும் அடங்கிவிடுகின்றன. பொதுத் திறன் தேர்வை இவற்றில் எதுவும் கேட்கவில்லை. ஐந்தாவது தாளுக்குத் தனிக்கட்டணமும் கட்டி, அதற்காகப் பத்து நாள் படிப்பையும் கொடுப்பதைவிட அந்தப் பத்து நாளையும் கணிதத்துக்குக் கொடுப்பது மேல் என்பது என் திடமான எண்ணம். திருவாரூரில் எந்தப் படிப்புக்கு எந்தத் தாள் வேண்டும் என்பதை அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் ஐந்தாவதைச் சேருங்கள். டெல்லியின் விதிகளையும் விண்ணப்பிக்கும் நாளில் மறுபடி படித்துவிடுங்கள். இவை ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. தாள்களின் உச்ச எண்ணிக்கையே 2024இல் ஆறாக இருந்து 2025இல் ஐந்தானது.

மொழித்தாளை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் அக்கா மகன் 2023இல் இந்தத் தேர்வை எழுதினான். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவனும் நானும்தான் விண்ணப்பத்தை நிரப்பினோம். அவன் விரும்பிய படிப்பின் தரவரிசையில் மொழி மதிப்பெண் சேராது என்பதை மட்டும் படித்துவிட்டு, அப்படியானால் மொழித்தாள் எதற்கு என்று இருவரும் விட்டுவிட்டோம். அடுத்த வரியில் குறைந்தபட்ச மதிப்பெண் நிபந்தனை இருந்தது. அதை நாங்கள் படிக்கவில்லை. மற்ற மூன்று தாள்களிலும் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்குத் தகுதியே இல்லாமல் போயிற்று. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்தவன் என்பதால் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: அறிவிப்பில் மகள் சேர விரும்பும் படிப்புக்குரிய பத்தியை அச்செடுத்து, கடைசி வரிவரை அவளும் நீங்களும் தனித்தனியே படியுங்கள்.

எந்த மொழி என்ற கேள்விக்கு, தமிழை எடுக்கத் தயங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. மொழித்தாளில் பெரும்பகுதி, ஒரு பத்தியைக் கொடுத்து அதிலிருந்து கேட்கும் கேள்விகளும் சொல்வளக் கேள்விகளும்தான். தமிழ் வழியில் படித்த பெண் அதை ஆங்கிலத்தைவிட வேகமாகவும் பிழையில்லாமலும் செய்வாள், கணித ஹானர்ஸுக்கு அந்த மதிப்பெண்ணும் கூட்டலில் சேர்கிறது. ஆங்கில இலக்கியம் போன்ற படிப்பில் நோக்கம் இருந்தால் மட்டும் ஆங்கிலம் வேண்டும்.

மற்ற மூன்று தாள்களையும் தமிழிலேயே எழுதலாம். வினாத்தாள் 13 மொழிகளில் தரப்படுகிறது. ஆனால் மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது விதி. தேர்வுக்கு அடிப்படையான என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களும் தமிழில் இல்லை. அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, இடப்பக்கம் அணிக்கோவை, வகைக்கெழு, தொகையீடு என்று அவள் அறிந்த சொல்லையும், வலப்பக்கம் டிடெர்மினன்ட், டெரிவேட்டிவ், இன்டெகிரல் என்று ஆங்கிலச் சொல்லையும் பாடவாரியாக எழுதிவரச் சொல்லுங்கள். நம் பாடநூல்களின் கடைசியில் உள்ள கலைச்சொல் பட்டியலிலிருந்தே முக்கால்வாசி கிடைத்துவிடும். டெல்லிக்குப் போன பிறகு முதல் செமஸ்டரில் அவளுக்குக் கைகொடுக்கப் போவதும் அந்த நோட்டுதான்.

இனிப் படிப்பது. கியூட் தாள்கள் என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்பை ஒட்டியவை. நம் பாடத்திட்டம் தரத்தில் அதற்குக் குறைந்ததல்ல. ஆனால் பாடங்களை இரண்டு ஆண்டுகளுக்கு இடையே வேறு விதமாகப் பங்கிட்டிருக்கிறது. தயாரிப்பின் உயிர்நாடி இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

கணிதத்தையே பாருங்கள். நம் பன்னிரண்டாம் வகுப்பில் மாதக்கணக்கில் படிக்கும் கலப்பெண்கள், சமன்பாட்டியல், கூம்பு வளைவுகள், தனிநிலைக் கணிதம் ஆகியவை கியூட் கணிதத்தில் இல்லை. மாறாக அங்கே கேட்கப்படும் அணிகள், வெக்டரின் அடிப்படை, தொடர்ச்சி, வகைமை, தொகையீட்டு முறைகள், நிபந்தனை நிகழ்தகவு ஆகிய யாவும் நம் பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தின் இரண்டாம் தொகுதியில் ஏழாம் பாடம் முதல் பன்னிரண்டாம் பாடம் வரை வரிசையாக இருக்கின்றன. சென்ற ஆண்டு அவள் படித்து முடித்து மூடிவைத்த அந்தப் புத்தகம்தான் இப்போது முதல் புத்தகம். முதல் தொகுதியில் உறவுகளும் சார்புகளும் மட்டும் வேண்டும். வேதியியலிலும் கரைசல்கள் என்ற பாடமும், ஹாலோ ஆல்கேன்கள் பற்றிய பாடமும் நம்மிடம் பதினொன்றாம் வகுப்பில்தான் உள்ளன. இயற்பியல் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்போடு அப்படியே பொருந்துகிறது. அங்கே கவலை இல்லை.

முதல் குரூப் பிள்ளைகள் இரண்டு ஆண்டுகளிலும் பார்க்காத ஒரே பெரிய கணிதப் பகுதி நேரியல் திட்டமிடல். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். ஒருவர் துணிப்பை தைத்து விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பைக்கு 2 மீட்டர் துணி, சிறிய பைக்கு 1 மீட்டர். எதைத் தைத்தாலும் பைக்கு ஒரு மணி நேரம். கையில் இருப்பது 10 மீட்டர் துணியும் 6 மணி நேரமும். பெரிய பைக்கு 30 ரூபாய் லாபம், சிறியதற்கு 20 ரூபாய். பெரியதை மட்டும் தைத்தால் துணி ஐந்தோடு தீர்ந்து 150 ரூபாய். சிறியதை மட்டும் தைத்தால் நேரம் ஆறோடு தீர்ந்து 120 ரூபாய். பெரியது நான்கும் சிறியது இரண்டும் தைத்தால் துணியும் நேரமும் மிச்சமின்றித் தீர்ந்து 160 ரூபாய். இரண்டு நேர்கோடுகளை வரைந்து அவை அடைக்கும் பரப்பின் மூலைப்புள்ளிகளில் மட்டும் விடையைத் தேடுவதுதான் முழுப் பாடமும். கடைக்கணக்குப் பார்க்கும் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு இது ஒரு வாரத்துக்கு மேல் ஆகாது. தமிழில் படிக்க, பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் இது இருக்கிறது. காமர்ஸ் குரூப் தோழி யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளட்டும்.

ஒவ்வொரு தாளிலும் 50 வினாக்கள், 60 நிமிடங்கள். அதாவது வினாவுக்கு 72 வினாடி. சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். தவறுக்குக் கழிப்பார்கள் என்று பயந்து நம் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வினாக்களைத் தொடாமல் விட்டுவருகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது தவறு. நான்கு விடைகளில் எதுவென்றே தெரியாத 12 வினாக்களைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால்கூடச் சராசரியாக மூன்று சரியாகி 15 மதிப்பெண் வரும், ஒன்பது தவறாகி 9 போகும்; 6 மிஞ்சும். இரண்டு விடைகளை நிச்சயமாக விலக்க முடிந்தால் ஆதாயம் இன்னும் பெரிது. கடைசி மூன்று நிமிடத்தை இதற்கென்றே ஒதுக்கப் பழக்கிவிடுங்கள்.

கால அளவைப் பற்றி ஒன்று. 2025இல் நம் பொதுத்தேர்வு மார்ச் 25இல் முடிந்தது, கியூட் மே 13இல் தொடங்கியது. இடையில் ஏழு வாரம். பொதுத்தேர்வு முடியும்வரை அதைத் தவிர வேறு நினைப்பு வேண்டாம். வாரத்துக்கு ஒரு மாலை மட்டும் பதினொன்றாம் வகுப்புக் கணிதத்துக்கு ஒதுக்கினால், அந்த ஏழு வாரத்தை மாதிரித் தாள்களுக்கு வைத்துக்கொள்ளலாம். கணினித் திரையில் எழுதும் தேர்வு என்பதால் பள்ளியின் கணினி ஆய்வகத்தில் ஐந்தாறு முறையாவது முழுத்தாள் எழுதிப் பழக அனுமதி கேளுங்கள். 35,000 ரூபாய் பயிற்சி இதற்கு மேல் எதைத் தந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பணத்தை டெல்லிக்கான ரயில் கட்டணத்துக்கும் விடுதிக்கும் வையுங்கள்.

இந்தத் தேர்வே மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளுக்குப் பாதகமானது என்று 2022 ஏப்ரலில் நம் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அதில் எனக்கு முழு உடன்பாடு. தம் பாடத்தை நன்றாகப் படித்த பிள்ளையை, பங்கீடு வேறாக இருக்கும் இன்னொரு புத்தகத்தை வைத்து அளப்பது அநீதிதான். ஆனால் அந்த விவாதம் தீரும்வரை உங்கள் மகள் காத்திருக்க முடியாது. நம் அரசு கலைக் கல்லூரிகளுக்கும் பொறியியல் கலந்தாய்வுக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். அந்த விண்ணப்பங்களையும் நாள் தவறாமல் போட்டுவிடுங்கள்.

பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்களைப் பழைய தாளோடு எடைக்குப் போட்டிருந்தாலும் பாதகமில்லை. நம் பாடநூல்களும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கணிதம் இரண்டாம் தொகுதியை மட்டும் அச்செடுத்துக் கட்டுப்போட்டுக் கொடுங்கள்; அதைத் திரையில் படிக்க முடியாது, பென்சிலோடுதான் படிக்க வேண்டும். ஏழாம் பாடத்தின் பயிற்சிகளை முடித்ததும் எங்கே தடுமாறினாள் என்று அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.