சிகரெட் கேட்பவருக்கு 21 ஆகிவிட்டதா? கேஷியர் பார்க்க வேண்டியவை

கேள்வி: ஹட்டன் டவுனில் ஒரு பலசரக்குக் கடையில் கேஷியராக இருக்கிறேன். சிகரெட் கேட்கும் பொடியன்களிடம் ஐடி கேட்டால், "வோட்டுப் போடுற எனக்கு சிகரெட் தரமாட்டீங்களா?" என்று சண்டைக்கு வருகிறார்கள். தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளோ "அப்பாவுக்குத்தான் அக்கா" என்கிறார்கள். கூட்ட நேரத்தில் அட்டையில் எதைப் பார்ப்பது?

பதில்: வோட்டுக்கு வயது 18, சிகரெட்டுக்கு 21. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருளையோ மதுசாரத்தையோ விற்கக் கூடாது என்கிறது. பீடியும் சுருட்டும் இதில் அடங்கும். வாங்க வந்து நிற்பவரின் வயதுதான் கணக்கு. அதனால் அப்பாவுக்கு என்றாலும் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். "அப்பாவையே வரச் சொல்லு தங்கம்" என்று அனுப்பிவிடுங்கள். குடும்பத்தைத் தெரியும் என்பதற்காக இதில் இளகவே கூடாது.

முகத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். சின்ன வயதிலேயே வேலைக்குப் போய் மழையிலும் வெயிலிலும் நின்ற பொடியன் 25 போலத் தெரிவான். அடையாள அட்டை கையில் இருப்பதும் போதாது; பதினாறு வயதளவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்காகவே பிள்ளைகள் அதை எடுத்துவிடுகிறார்கள். சாரதி அனுமதிப்பத்திரமும் 18இல் கிடைக்கும். பார்க்க வேண்டியது பிறந்த திகதியை மட்டும்தான்.

காலையில் மேசையைத் திறக்கும்போதே அன்றைய திகதிக்கு 21 வருடம் முந்திய திகதியை ஒரு துண்டில் எழுதி ஒட்டிவையுங்கள். 2026 மார்ச் 10 என்றால் "2005 மார்ச் 10". அன்றோ அதற்கு முன்போ பிறந்தவருக்குக் கொடுக்கலாம். வரிசை நிற்கும்போது மனக்கணக்குத் தேவையில்லை.

திகதி அழிந்திருந்தால் அடையாள அட்டை இலக்கமே சொல்லும். 12 இலக்க எண்ணில் முதல் நான்கு பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு. ஆகவே மார்ச் 10 என்பது 070, பெண்ணுக்கு 570. ஒன்பது இலக்கமும் கடைசியில் V அல்லது X எழுத்தும் உள்ள பழைய எண் 2016க்கு முன் கொடுத்தது. அது உண்மையில் அவருடையது என்றால் 21 தாண்டியவர்தான். அங்கே படத்தையும் முகத்தையும் நன்றாக ஒப்பிடுங்கள், அண்ணனின் அட்டையோடு தம்பி வருவதுண்டு. படம் பொருந்தவில்லை என்றால் விற்காதீர்கள், அட்டையைப் பறிக்கவும் வேண்டாம்.

சண்டை பெரும்பாலும் காசை வாங்கிய பிறகு கேட்பதால்தான் வருகிறது. பெட்டியை எடுக்கும் முன்பே, "தம்பி, ஐடியைக் காட்டுங்க, இளம் ஆட்கள் எல்லார்கிட்டயும் கேட்கிறோம்" என்று சொல்லுங்கள். பிறந்த வருடத்தை வரிசைக்குக் கேட்க வாசிக்காதீர்கள். கூட வந்த கூட்டாளிகள் முன்னால் அவமானப்பட்டவன்தான் குரலை உயர்த்துவான்.

முதலாளியிடம் இன்றே பேசுங்கள். 21 வயது அறிவித்தல் மூன்று மொழியிலும் மேசைக்குப் பக்கத்தில் தெரிய வேண்டும். நீங்கள் மறுத்த ஆளுக்கு அவர் பின்னால் வந்து எடுத்துக் கொடுக்கவும் கூடாது. ஒரு தடவை அப்படிக் கொடுத்துவிட்டால், அடுத்த நாள் உங்கள் பேச்சை யாரும் மதிக்கமாட்டார்கள்.