குமுளி ஜீப்பும் முப்பது மடங்கு பைனாகுலரும்: நுகர்வோர் கேள்வி-பதில்

"பெரியார் புலிகள் காப்பகத்துக்குள் ஜீப் சஃபாரி" என்று குமுளியில் போர்டு வைத்திருந்தார்கள். ஆறு பேருக்குப் பணம் கட்டினோம். ஏலத்தோட்டம், ஒரு வியூ பாயிண்ட், ஒரு மசாலாக் கடை என்று சுற்றிக்காட்டித் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகி, சின்னமனூர்)

கேட்டு வாங்க வழி இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். போர்டில் ஒன்றை எழுதிவிட்டு வேறொன்றைக் காட்டியவர்தான் இங்கே தப்பு செய்தவர். விசாரிக்காமல் போனோமே என்று நீங்கள் குமைய வேண்டாம். தேக்கடி ஏரிப் பக்கம் காட்டுக்குள் போக போட், மூங்கில் தெப்பம், வனத்துறை ஆள் கூட வரும் நடை என்று எல்லாம் வனத்துறை அனுமதியோடுதான். வள்ளக்கடவு வழியாகக் கவி என்ற காட்டுப் பகுதிக்குப் போகும் பாதை தனி. அதற்கும் செக்போஸ்ட்டில் அனுமதி வேண்டும். தெருவில் விற்கும் "சஃபாரி" பெரும்பாலும் காப்பகத்துக்கு வெளியே இருக்கும் எஸ்டேட் ரோட்டில் ஓடுவது. அப்படிச் சொல்லி விற்றால் குற்றமில்லை, காப்பகத்துக்குள் என்று சொல்லி விற்றதுதான் குற்றம்.

யு.பி.ஐ.யில் பணம் போன விவரம், போர்டின் படம், ஜீப் நம்பர் ஆகியவற்றை முதலில் எடுத்து வையுங்கள். விற்றவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதி, பதினைந்து நாள் கெடு கொடுங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் இடுக்கி மாவட்டத்துக்காரர் என்பதற்காக மலையேறி அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

அடுத்த முறை ஏறுவதற்கு முன் வண்டி மஞ்சள் போர்டா என்று பாருங்கள். வெள்ளை போர்டு வண்டியில் வாடகைக்குப் போய் விபத்தானால் இன்சூரன்ஸ் கேட்கும்போது பெரிய சிக்கல்.

பிப்ரவரி கடைசியில் மூணாறில் ரூம் போட்டுப் போனோம். ராஜமலை மூடியிருந்தது. ஓட்டல்காரர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா? (திண்டுக்கல்)

நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ராஜமலை என்பது இரவிகுளம் தேசியப் பூங்காவில் நம்மை விடும் பகுதி. அங்கே வரையாடு குட்டி போடும் காலம் அது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை மூடுவது பல ஆண்டுகளாக வழக்கம், செய்தித்தாளிலும் வருகிறது. அறை கொடுப்பதாகச் சொன்னவர் அறையைக் கொடுத்துவிட்டார். பூங்காவைக் காட்டுவதாகப் பில்லில் எழுதியிருந்தால் மட்டும் திரும்ப எழுதுங்கள்.

"இந்த ஆண்டு இரவிகுளத்தில் நீலக்குறிஞ்சி தரிசனம்" என்று ஒரு டூர் விளம்பரம். நம்பலாமா? (போடி)

வேண்டாம். அங்கே 2006-லும் 2018-லும் கூட்டமாகப் பூத்தது, அடுத்தது 2030.

தேக்கடி போட்டில் எழுந்து நின்று படம் எடுக்க விடவில்லை. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவும் விடவில்லை. ஒரு மிருகமும் கண்ணில் படவில்லை. கொடுத்த காசுக்கு இதுதான் சேவையா? (மதுரை)

2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். மிருகத்தைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்ததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. உங்களை உட்காரச் சொன்னவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். புகார் எழுதாதீர்கள்.

மிருகம் கண்ணில் படாததற்கு யாரும் பணம் திருப்பித் தர மாட்டார்கள். எப்போது போகிறோம் என்பது மட்டும்தான் நம் கையில். மழைக்காலத்தில் காடெங்கும் ஓடையும் குட்டையும் நிரம்பிக் கிடப்பதால், தண்ணீருக்காக யானை ஏரிக்கரைக்கு வர வேண்டிய தேவை இல்லை. மார்ச், ஏப்ரலில் உள்ளே வறண்டு, ஏரியும் இறங்கிக் கரையில் புல் முளைக்கும்போது இறங்கி வரும். அந்த மாதங்களிலும் காலை 7.30 போட், மாலை 3.30 போட் இரண்டும்தான் உருப்படி. நடுப்பகல் போட்டில் பார்க்கக் கிடைப்பது பட்ட மரக்கட்டைகளும் நீர்க்காகங்களும். ஆனவச்சாலில் வண்டியை நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில் படகுத்துறைக்குப் போக வேண்டும். நுழைவுச் சீட்டு வேறு, போட் சீட்டு வேறு. இதற்கெல்லாம் சேர்த்து ஒரு மணி நேரமாவது முன்னதாகப் போய்ச் சேருங்கள்.

ஆன்லைனில் "30×60" பைனாகுலர் வாங்கினேன். மங்கலாகத் தெரிகிறது, பார்த்தால் தலை வலிக்கிறது. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா? (கூடலூர், தேனி மாவட்டம்)

உங்கள் மேல் தப்பே இல்லை. இந்த எண் மோசடி ஒழியும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன்.

8×42 என்றால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடியின் விட்டம் 42 மி.மீ. என்று பொருள். அப்படியானால் உங்களுடையதில் முன் கண்ணாடி 60 மி.மீ. இருக்க வேண்டும். ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். சட்டைப் பையில் அடங்கும் கருவியில் 60 எங்கிருந்து வரும்? என்னிடம் இருக்கும் ஒன்றிலும் 30×60 என்றுதான் அச்சிட்டிருக்கிறது. அளந்தால் 22 மி.மீ.

மடங்கையும் வீட்டிலேயே சோதிக்கலாம். கருவியை ஒரு கை தூரத்தில் பிடித்து வெளிச்சத்தை நோக்கித் திருப்புங்கள். கண் வைக்கும் துளையில் சின்ன ஒளிவட்டம் தெரியும். முன் கண்ணாடியின் விட்டத்தை இந்த வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் உண்மையான மடங்கு. முன்னால் 22, வட்டம் 3 என்றால் ஏழு மடங்கு சொச்சம், அவ்வளவுதான்.

உண்மையிலேயே முப்பது மடங்கு இருந்தாலும் கையில் பிடித்துப் பார்க்க முடியாது, கை நடுக்கமும் முப்பது மடங்காகும். எஞ்சின் அதிரும் போட்டில் பத்து மடங்கே அதிகம். காட்டுக்கு 8×42 போதும்: 42-ஐ எட்டால் வகுத்தால் ஒளிவட்டம் 5 மி.மீ.க்கு மேல் வரும், விடிகாலை மர நிழலிலும் படம் இருட்டாது. சுமக்கக் கனமாக இருக்கிறது என்பவர்கள் 8×32 எடுக்கலாம். சிவப்பாக மின்னும் கண்ணாடியைத் தவிருங்கள். சிவப்பு ஒளியை அது வெளியே திருப்பி அனுப்பிவிடுவதால் காடு முழுக்கப் பச்சை பூசியதுபோல் தெரியும். மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் "ஐ ரிலீஃப்" (முழுப் படமும் தெரிய, கண்ணுக்கும் கருவிக்கும் இடையே விடக்கூடிய தூரம்) 15 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்து வாங்க வேண்டும்.

தலைவலிக்குக் காரணம், இரண்டு குழலும் ஒரே திசையில் நிற்காததாக இருக்கலாம். தூரத்து டவர் ஒன்றைப் பார்த்து, கருவியை மெல்லக் கண்ணிலிருந்து விலக்குங்கள். டவர் இரண்டாகப் பிரிந்தால் சரக்கு பழுது, திருகிச் சரிசெய்ய முயல வேண்டாம்.

முன் கண்ணாடி மேல் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்துத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்றவர் சொல்ல முடியாது.

மழைக்கால நடைக்கு அட்டை கடிக்காமல் இருக்க விலை கூடிய ஸ்பிரே வாங்கலாமா? (உத்தமபாளையம்)

வேண்டாம். நெருக்கமாக நெய்த, முழங்கால் வரை இழுத்துக் கட்டும் அட்டைக் காலுறை போதும்.

தேக்கடி ரோட்டில் வாங்கிய ஏலக்காய் கரும்பச்சையாக இருக்கிறது, வாசம் இல்லை. (கம்பம்)

ஏலம் விளையும் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் உங்களையே ஏமாற்றுகிறார்கள் என்றால் வெளியூர்க்காரர்கள் என்ன செய்வார்கள்! நனைத்த பஞ்சால் தோலைத் தேயுங்கள், பச்சை ஒட்டினால் சாயம். ஒன்றை உரித்துப் பாருங்கள்: நல்ல காயில் விதை கறுத்து, பிசுபிசுப்பாகக் கட்டியிருக்கும். எண்ணெய் எடுத்த சக்கையில் விதை சுருங்கி உதிரும். பாக்கெட்டில் பேக் செய்தவர் முகவரி, எடை, தேதி, அதிகபட்ச விலை, 14 இலக்க உணவு உரிம எண் எல்லாம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பில்லோடு உணவுப் பாதுகாப்புத் துறையில் கொடுங்கள். பில் வாங்கவில்லை என்று எழுதாதீர்கள். பில் கேட்டு வாங்குங்கள் என்று இந்தப் பகுதியில் பல முறை சொல்லியாகிவிட்டது.

தேடலில் முதலில் வந்த தளத்தில் ராஜமலை டிக்கெட் எடுத்தோம். வாசலில் செல்லாது என்றார்கள். பணம் ஒரு தனி ஆள் பேருக்குப் போயிருக்கிறது. (பெரியகுளம்)

இந்த நிமிடமே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குப் பேசுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகரும் முன் முடக்கினால்தான் மீளும். அப்புறம் உங்கள் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். குறுஞ்செய்தி, டிக்கெட், தள முகவரி எதையும் அழிக்க வேண்டாம். அவர்கள் "பணம் திருப்பித் தருகிறோம்" என்று அனுப்பும் லிங்கைத் தொடவே கூடாது.