நீந்தும் மீனுக்கு விலை பேசுவது எப்படி?

ஹாங்காங்கின் கான்டனீஸ் (தென்சீன) உயிர்மீன் உணவகங்கள் பற்றி வந்திருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கே: நாங்கள் நால்வர் ஹாங்காங் போகிறோம். கடலுணவுக் கடைகளில் தொட்டி தொட்டியாக மீன் நீந்துகிறதாம், ஆனால் பலகையில் விலையே இருக்காதாம். ஏமாறாமல் வாங்குவது எப்படி?

ப: விலை இல்லாத இடத்தில் ‘சி கா’ என்று எழுதியிருப்பார்கள். அன்றைய சந்தை விலை என்று பொருள். அதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம், உள்ளூர்க்காரர்களும் கேட்டுவிட்டுத்தான் மீனைக் கைகாட்டுகிறார்கள்.

அடுத்தது எடை. அங்கே கிலோவை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ‘கன்’ என்ற அளவில்தான் விற்பனை. ஆங்கிலத்தில் கேட்டி என்பார்கள். ஒரு கேட்டி சுமார் 605 கிராம். சீனப் பெருநிலத்தில் இதே சொல் 500 கிராமைக் குறிக்கும், குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு கேட்டிக்கு 16 ‘லியொங்’. ஒரு லியொங் சுமார் 38 கிராம். கேட்டி 400 ஹாங்காங் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் ஒரு கேட்டி நாலு லியொங் என்றால் ஒன்றேகால் கேட்டி, ஆக 500 டாலர். சொன்ன விலை கேட்டிக்கா, லியொங்குக்கா, ஒரு உருப்படிக்கா என்பதை வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். கேட்டி என்று நினைத்தது லியொங்காக இருந்தால் பில் 16 மடங்கு.

மீனைப் பையில் போட்டு நிறுத்தால் பையில் உள்ள தண்ணீரை வடிக்கச் சொல்லுங்கள். நண்டுக்குக் கட்டிய ஈரக் கயிறு தடிமனாக இருந்தால் அந்த எடைக்கும் காசு கொடுக்கிறீர்கள். நிறுத்ததும் எடையையும் மொத்த விலையையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுத்த மீனை உயிரோடு மேசைக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டு அடுப்படிக்கு எடுத்துப்போவது அங்கே பழைய வழக்கம். மாற்றிவிடுவார்களோ என்று சந்தேகப்படுகிறவர்கள் வால் நுனியில் சிறிய வெட்டு ஒன்றைப் போடச் சொல்வதும் உண்டு.

கே: ஹாங்காங்கின் கடலோரக் கடலுணவுப் பகுதியான லெய் யூ முன்னில் மீன் ஒரு கடையில், சமையல் இன்னொரு கடையில் என்கிறார்களே?

ப: ஆமாம். மீன் கடையில் வாங்கி, பக்கத்து உணவகத்தில் கொடுத்துச் சமைக்கச் சொல்லலாம். இன்னொரு கடலோர ஊரான சாய் குங்கிலும் இப்படி உண்டு. இரண்டு பில் வரும். சமையல் கூலி உணவுவகைக்கு ஏற்ப மாறும் என்பதால் மீன் வாங்கும் முன்பே உணவகத்தில் கேளுங்கள். பலரும் மாட்டிக்கொள்வது சிங்கி இறாலில்தான். அதன் அடியில் பரப்பும் ஈ-ஃபூ நூடுல்ஸுக்கு (முன்பே பொரித்துவைத்த கோதுமை நூடுல்ஸ்) தனிக் காசு, மேலே ஊற்றும் சீஸுக்கும் தனிக் காசு.

கே: எதை எப்படிச் சமைக்கச் சொல்வது? எல்லாவற்றையும் காரமாகப் பொரிக்கச் சொல்லலாமா?

ப: சொல்லலாம். ஆனால் உயிரோடு இருந்ததற்குக் கொடுத்த காசு எண்ணெயோடு போய்விடும். நல்ல கலவா மீன் என்றால் ஆவியில் வேகவைப்பதுதான். உயிர் இறாலை முதல் தடவை கொதிநீரில் போட்டு எடுத்தது போலவே சாப்பிட்டுப் பாருங்கள். தொட்டுக்கொள்ள மிளகாய் போட்ட சோயா சாஸ் வரும். சவரக்கத்தி போல நீளமாக இருக்கும் சிப்பிக்கும் ஸ்காலப் என்ற விசிறி வடிவச் சிப்பிக்கும் பூண்டும் சேமியாவும் வைத்து ஆவி. சிறிய மட்டிக்குப் புளிக்கவைத்த கறுப்பு சோயாவும் மிளகாயும் சேர்த்து வதக்கல். அபலோன் என்ற ஒற்றை ஓட்டுக் கடல் நத்தைக்குக் காய்ந்த ஆரஞ்சுத் தோல்.

காரமும் மொறுமொறுப்பும் வேண்டுமென்றால் நண்டிடம் போங்கள். ‘புயல் புகலிட’ நண்டு என்று ஒன்று உண்டு. புயலுக்கு ஒதுங்கும் துறைகளில் படகிலேயே வாழ்ந்தவர்களின் சமையல் அது: பொன்னிறமாகப் பொரித்த பூண்டு மலைபோல், நடுவே நண்டு. பூண்டு கருகினால் மொத்தத் தட்டும் கசக்கும். கசந்தால் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு.

நால்வருக்கு முக்கால் கிலோவுக்குள் ஒரு மீன், அரை முதல் ஒரு கேட்டி இறால், ஆளுக்கு ஒரு நீளச் சிப்பி, ஒரு நண்டு, ஒரு கீரை, சோறு போதும். சிங்கி இறால் சேர்த்தால் நண்டை விட்டுவிடுங்கள்.

கே: ஆவியில் வைத்த மீன் எலும்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. முள்ளருகே இளஞ்சிவப்பு. வேகாத மீனைத் தந்துவிட்டார்களா?

ப: இல்லை. கான்டனீஸ் சமையற்காரர் அந்த இடத்தில் நிறுத்தத்தான் பாடுபடுகிறார். சதை வெள்ளையாகி, முள்ளிலிருந்து லேசான இழுப்போடு பிரிய வேண்டும். தானாகக் கழன்று விழுந்தால் வெந்தது அதிகம். ஆனால் சதையே கண்ணாடி போல் ஊடுதெரிந்தால் அது வேகாததுதான், திருப்பிக் கொடுங்கள்.

செய்முறை தெரிந்தால் தவறு எங்கே என்று புரியும். 600 முதல் 700 கிராம் மீனுக்குத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது உள்ளே வைத்து 8 முதல் 10 நிமிடம். மீனுக்கு அடியில் வெங்காயத்தாள் தண்டுகளை வைத்துத் தூக்கிவிடுவார்கள், ஆவி கீழேயும் சுற்றி வர வேண்டுமே. தட்டில் சேரும் கலங்கிய தண்ணீரை முழுதும் கொட்டிவிட வேண்டும். கவிச்சி முழுதும் அதில்தான் இருக்கும். பிறகு மெல்லிசாக நறுக்கிய வெங்காயத்தாள், அதன்மேல் புகையும் சூட்டில் எண்ணெய், கடைசியாக லேசாக இனிப்புச் சேர்த்த சோயா சாஸ். சாஸை மீன்மேல் கொட்டாமல் ஓரமாக ஊற்றுவார்கள். வேகும் முன்பே சாஸ் ஊற்றினால் சதை உப்பேறி இறுகிவிடும். சாஸ் நீர்த்துச் சப்பென்று இருந்தால், அந்தக் கலங்கிய தண்ணீரை யாரோ கொட்ட மறந்திருக்கிறார்கள்.

கே: செத்ததைச் சமைத்துவிட்டார்கள் என்று சாப்பிடும்போது கண்டுபிடிக்க முடியுமா?

ப: இறாலில் எளிது. உயிரோடு போட்டதென்றால் ஓடு சதையோடு இறுக்கமாக இருக்கும், தலை கெட்டியாக நிற்கும். தலை தொட்டதும் கழன்று சதை மாவாக இருந்தால் பழையது. நண்டின் சதை கூழாகி வழிந்தாலும் அப்படியே. வெந்தும் திறக்காத மட்டியை நெம்பித் திறக்காதீர்கள், ஒதுக்குங்கள்.

கே: பன்றி இறைச்சி சாப்பிட மாட்டோம். கடலுணவுக் கடைதானே, பயமில்லாமல் போகலாமா?

ப: கேட்டுவிட்டுப் போங்கள். சிங்கி இறாலுக்குப் பெயர்போன ‘மேல்தர சூப்’ என்பது பன்றி, உப்பிட்ட பன்றித்தொடை, கோழி மூன்றையும் மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுப்பது. ஈ-ஃபூ நூடுல்ஸையும் அந்தச் சாற்றில்தான் வேகவிடுவார்கள். சில அடுப்படிகளில் வதக்க பன்றிக்கொழுப்பும் உண்டு. ஆவி மீனும் வேகவைத்த இறாலும் ஓரளவு நிம்மதியானவை. மேலே ஊற்றும் எண்ணெய் எது என்று மட்டும் கேளுங்கள். மட்டியிலும் நண்டிலும் அரிசி மது சேர்வது சாதாரணம்.

கே: பவளப்பாறை மீன் சாப்பிட்டால் விஷம் என்று படித்தேன். உண்மையா?

ப: உண்மை. சிகுவாட்டெரா என்று பெயர். பாறைகளில் வளரும் நுண்பாசியின் நஞ்சு, சிறிய மீன் வழியாகப் பெரிய மீனில் சேர்ந்துகொண்டே போகிறது. சமைத்தாலும் உறைய வைத்தாலும் அழியாது. ருசியிலும் மணத்திலும் தெரியாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, வாயைச் சுற்றியும் கை கால்களிலும் மரத்துப்போதல், குளிர்ந்ததைத் தொட்டால் சுடுவது போன்ற உணர்வு, இவை அறிகுறிகள். வந்தால் உடனே மருத்துவரிடம் போய் என்ன மீன் என்று சொல்லுங்கள்.

மிகப் பெரிய பாறை மீனைத் தவிர்ப்பது முதல் பாதுகாப்பு. தலை, தோல், குடல், முட்டை ஆகியவற்றில் நஞ்சு அதிகம். மீன் தலையை ஆசையாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இது கசக்கும், என்ன செய்ய? தீவனம் போட்டு வளர்த்த கலவாவில் ஆபத்து குறைவு.

கே: ‘சோ மெய்’ மீன் கிடைத்தால் சாப்பிடலாமா?

ப: வேண்டாம். நெற்றி புடைத்த அந்தப் பெரிய மீன் அழியும் அபாயத்தில் உள்ளது. 2004-இல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இதற்காக வருந்தவும் தேவையில்லை, நன்றாக வேகவைத்த சிறிய கலவா அதற்குச் சளைத்ததல்ல.

கே: மேசை நாகரிகம்?

ப: மேல்பக்கச் சதை தீர்ந்ததும் மீனைப் புரட்டாதீர்கள். படகு கவிழ்வதற்கு அது சமம் என்று மீனவக் குடும்பங்கள் நினைக்கும். நடு முள்ளைத் தூக்கி எடுத்துவிட்டு அடிப்பக்கத்தைச் சாப்பிடுங்கள். தேநீர் ஊற்றுகிறவருக்கு நன்றியாக இரண்டு விரலால் மேசையைத் தட்டலாம். கெண்டியின் மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் வெந்நீர் வரும்.

கே: பில்லில் நாங்கள் கேட்காத சில வரிகள் இருந்தன.

ப: தேநீருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று போடுவது வழக்கம், குடிக்காவிட்டாலும். அதோடு 10 சதவீத சேவைக் கட்டணம். உட்கார்ந்ததும் கேட்காமலே வரும் வேர்க்கடலைக்கும் ஊறுகாய்க்கும் காசு உண்டு. வேண்டாமென்றால் அப்போதே திருப்பி அனுப்புங்கள். ஒரு கடலை வாயில் போட்ட பிறகு பேச்சுக்கு இடமில்லை.